பெட்ரோல் காரின் துகள் வடிகட்டி: ஓடும்போதே கரியை எரிப்பது எப்படி?

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ‘டி.பி.எஃப்.’ (டீசல் துகள் வடிகட்டி) என்ற மூன்றெழுத்து நன்கு பழக்கமானது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவது, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் விடாமல் ஓட்டிவரச் சொல்லி சர்வீஸ் சென்டரில் அனுப்பிவைப்பது, வடிகட்டியை மாற்ற வேண்டும் என்று பெரிய தொகைக்கு மதிப்பீடு தருவது என அதைச் சுற்றிய அனுபவங்கள் பலருக்கும் உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வடிகட்டி கடந்த சில ஆண்டுகளாகப் பெட்ரோல் கார்களின் புகைக்குழாயிலும் பொருத்தப்படுகிறது. அதற்குப் பெட்ரோல் துகள் வடிகட்டி என்று பெயர், ஜி.பி.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். டீசலில் பட்ட பாடெல்லாம் இனிப் பெட்ரோலிலும் வருமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் தம்மைச் சுத்தம் செய்துகொள்ளும் முறையில் நேர்மாறானவை. டீசல் இன்ஜினின் புகையில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது, போதிய வெப்பம் இல்லை. பெட்ரோல் இன்ஜினின் புகையில் வெப்பம் தாராளமாக இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. பெட்ரோல் வடிகட்டியைப் பற்றிய நடைமுறைக் கேள்விகள் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே விடை கிடைக்கிறது.

பெட்ரோல் இன்ஜினில் கரி எங்கிருந்து வருகிறது?

கரும்புகை என்றாலே டீசல்தான் நினைவுக்கு வரும். பழைய வகைப் பெட்ரோல் இன்ஜின்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெருமளவு சரியானதே. அவற்றில் பெட்ரோல், சிலிண்டருக்கு வெளியே, காற்று உள்ளே வரும் பாதையில் தெளிக்கப்படுகிறது. வால்வைக் கடந்து சிலிண்டருக்குள் நுழைந்து, அழுத்தப்பட்டு, தீப்பொறி பாய்வதற்குள் எரிபொருள் ஆவியாகிக் காற்றோடு நன்றாகக் கலந்துவிடுகிறது. சீராகக் கலந்த எரிபொருள் எரியும்போது கரி அதிகம் உண்டாவதில்லை.

நேரடி உட்செலுத்தல் இன்ஜின்களில் நிலைமை வேறு. ஜி.டி.ஐ., டி.எஸ்.ஐ. போன்ற எழுத்துகளோடு விற்கப்படும் இந்த இன்ஜின்களில், சிலிண்டருக்குள்ளேயே மிகுந்த அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. உள்ளே ஆவியாகும் பெட்ரோல் காற்றைக் குளிரச் செய்வதால் ‘நாக்கிங்’ (கலவை நேரந்தவறித் தானாகவே வெடிப்பது) குறைகிறது. அதனால் கூடுதல் அழுத்த விகிதத்தையும் டர்போவையும் பயன்படுத்த முடிகிறது. சிறிய இன்ஜினிலிருந்து அதிக விசையும், அதே விசைக்குக் குறைந்த எரிபொருள் செலவும் கிடைக்கின்றன. ஆனால், கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் சில மில்லிநொடிகள்தான். பெட்ரோலில் ஒரு பகுதி பிஸ்டனின் தலையிலும் சிலிண்டரின் சுவரிலும் படிந்து ஈரமாகவே நிற்கிறது. தீ பரவும்போது அந்த ஈரப் படலத்தின் அருகே எரிபொருள் மிகுதியாகவும் காற்று குறைவாகவும் இருப்பதால், அது முழுமையாக எரியாமல் நுண்ணிய கரித்துகள்களாகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இது பன்மடங்காகிறது. காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் ஓரிரு நிமிடங்களிலேயே அந்தப் பயணத்தின் கரியில் பெரும்பங்கு உண்டாகிவிடலாம்.

இந்தத் துகள்களில் பெரும்பாலானவை 200 நானோமீட்டருக்கும் குறைவான அளவுடையவை. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றறைகள்வரை செல்லும். மிக நுண்ணியவை அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கக்கூடும். புகைக்குழாயிலிருந்து கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பதாலேயே புகை சுத்தமானது என்று முடிவுகட்ட முடியாது.

எடையிலிருந்து எண்ணிக்கைக்கு

கரித்துகள்களை நீண்ட காலம் எடையாலேயே அளந்துவந்தார்கள். ஐரோப்பாவின் இன்றைய வரம்பு கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம். ஆனால், நுண்துகள்கள் கோடிக்கணக்கில் சேர்ந்தாலும் எடை மிகக் குறைவு என்பதால், எடையளவில் தேறிய ஓர் இன்ஜின் எண்ணிக்கையில் மோசமானதாக இருக்க முடியும். எனவே எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது.

டீசல் கார்களுக்கு 2011 முதல் கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்கள் என்ற வரம்பு அங்கே நடைமுறைக்கு வந்தது. நேரடி உட்செலுத்தல் பெட்ரோல் கார்களுக்கு 2014இல் தொடங்கிய யூரோ 6 விதிகள் முதலில் அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 6 லட்சம் கோடி துகள்கள் வரை சலுகை அளித்தன. அச்சலுகை 2017 செப்டம்பரில் புதிய மாடல்களுக்கும், 2018 செப்டம்பரில் புதிதாக விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் முடிவுக்கு வந்தது. அதே காலத்தில், ஆய்வகச் சோதனையோடு நிற்காமல், அளவுக் கருவியைக் காரிலேயே கட்டிச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனையும் கட்டாயமாயிற்று. ஆய்வகத்தின் மென்மையான ஓட்டத்துக்கேற்ப இன்ஜினைச் சீர்செய்து தேறிவிடும் வழி இதனால் அடைபட்டது. மெர்சிடிஸ்-பென்ஸ் தன் எஸ் 500 மாடலில் இவ்வகை வடிகட்டியை ஏற்கெனவே பரீட்சித்துவந்தது. ஃபோக்ஸ்வாகன் குழுமம், தன் நேரடி உட்செலுத்தல் பெட்ரோல் கார்களில் 2017 முதல் படிப்படியாக இதைப் பொருத்தப்போவதாக 2016இல் அறிவித்தது. சீனாவின் ‘சீனா 6’ விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, எரிபொருள் எந்த முறையில் செலுத்தப்பட்டாலும் எண்ணிக்கை வரம்பு பொருந்தும் என்றன.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளில், பெட்ரோல் கார்களுக்கான துகள் எண்ணிக்கை வரம்பு நேரடி உட்செலுத்தல் இன்ஜின்களுக்கு மட்டுமே உரியது. 2023 ஏப்ரல் 1 முதல் சாலையிலேயே அளக்கும் சோதனையும் சேர்ந்தது. நம் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை பழைய முறையில் எரிபொருள் செலுத்துபவை என்பதால் அவற்றில் இந்த வடிகட்டி இருக்காது. டர்போ பெட்ரோல் கார் வாங்குபவர்கள்தான் தங்கள் காரில் இது உள்ளதா என்பதைக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வடிகட்டிக்குள் என்ன இருக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் அது ஓர் எஃகு உருளை. உள்ளே கார்டியரைட் எனப்படும் பீங்கான் வகைப் பொருளால் ஆன, நீளவாக்கில் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் ஓடும் ஒரு தொகுதி இருக்கிறது. சூட்டில் மிகக் குறைவாகவே விரிவடையும் பொருள் என்பதால் கார்டியரைட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு குழாயும் ஒரு முனையில் மட்டும் அடைக்கப்பட்டிருக்கும்: ஒன்று முன்பக்கம் அடைபட்டிருந்தால் அதன் அண்டைக் குழாய் பின்பக்கம் அடைபட்டிருக்கும். திறந்த வாய் வழியாக நுழையும் புகை மறுமுனையில் வெளியேற வழியின்றி, நுண்துளைகள் நிறைந்த சுவரை ஊடுருவித்தான் அடுத்த குழாய்க்குச் செல்ல முடியும். கரி அந்தச் சுவரில் தங்கிவிடுகிறது.

சுவரின் துளைகள் துகள்களைவிடப் பல மடங்கு பெரியவை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்படியிருந்தும் துகள்கள் பிடிபடுவதற்குக் காரணம் அவற்றின் ஓயாத அலைவு. மிகச் சிறிய துகள்கள் வாயு மூலக்கூறுகளால் மோதப்பட்டு அங்குமிங்கும் அலைக்கழிந்து துளையின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. சற்றுப் பெரியவை வளைந்து செல்லும் ஓட்டத்தோடு திரும்ப முடியாமல் மோதி நிற்கின்றன.

சில கார்களில் இந்த வடிகட்டி, புகையிலுள்ள நச்சு வாயுக்களைச் சிதைக்கும் வழக்கமான மூவழி வினையூக்கி மாற்றிக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. வேறு சிலவற்றில் வடிகட்டியின் சுவரிலேயே வினையூக்கிப் பூச்சு தடவப்பட்டு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இன்ஜினை ஒட்டி வைத்தால் சீக்கிரம் சூடேறும். காரின் அடிப்பகுதியில் தள்ளி வைத்தால் இடம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் சூடேறத் தாமதமாகும். ஒரே பழக்கமுள்ள இரண்டு ஓட்டுநர்களில் ஒருவருக்கு மட்டும் வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு இந்த இட வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கரி எரிய வேண்டுமானால்

புகைக்கரி பெரும்பாலும் கார்பன். அது ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகி வெளியேறிவிடும். வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்வதை ரீஜெனரேஷன் என்கிறார்கள். அது இந்த எரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இதற்கு இரண்டு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும்.

1. வெப்பம். வெறும் ஆக்சிஜனோடு கரி எரியத் தொடங்க ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வேண்டும். 600 டிகிரியைத் தாண்டினால் எரிப்பு வேகம் பிடிக்கிறது.

2. ஆக்சிஜன். எவ்வளவு சூடாக இருந்தாலும் ஆக்சிஜன் வந்து சேராவிட்டால் கரி கரியாகவே கிடக்கும்.

டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றை உள்ளிழுத்து இயங்குகிறது. எனவே அதன் புகையில் எரியாத ஆக்சிஜன் நிறைய மிஞ்சுகிறது. ஆனால், நகர ஓட்டத்தில் அந்தப் புகையின் வெப்பம் பெரும்பாலும் 150 முதல் 300 டிகிரிக்குள்தான் இருக்கும். வெப்பத்தை உயர்த்துவதற்காக டீசல் காரில் அவ்வப்போது கூடுதல் டீசலைப் பீய்ச்சி, அதை வினையூக்கியின் மேல் எரித்து, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ‘வண்டியை நிறுத்தாமல் இருபது நிமிடம் ஓட்டு’ என்ற அறிவுரை இதனால் வந்தது. இடையில் நிறுத்திவிட்டால் கரியெரிப்பு பாதியில் நின்றுபோகிறது. பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும் தொல்லையும் உண்டு.

பெட்ரோல் இன்ஜினின் கணக்கு வேறு. மூவழி வினையூக்கி சரியாக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் துல்லியமாகக் காக்கப்படுகிறது. அந்த விகிதத்தில் பெட்ரோலும் மிஞ்சாது, ஆக்சிஜனும் மிஞ்சாது. மிஞ்சும் சிறிதளவையும் வினையூக்கி பயன்படுத்திவிடுகிறது. நெடுஞ்சாலை ஓட்டத்தில் வடிகட்டி 600 டிகிரியைத் தாண்டுவது இயல்பு என்றாலும், அந்தச் சூட்டில் கரி எரியாமல் காத்திருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: மூட்டத்துக்குள் அவ்வளவு அனல் இருந்தும், காற்று புகாதவரை விறகு கரியாக நிற்கிறது, மண் பூச்சில் ஓரிடத்தில் வெடிப்பு விட்டால் அந்தப் பக்கத்துக் கரி சாம்பலாகிறது. பெட்ரோல் வடிகட்டிக்கும் அப்படிக் காற்று நுழைய ஒரு வழி தேவைப்படுகிறது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் நொடிகள்

அந்த வழியை ஓட்டுநரின் கால்தான் திறக்கிறது. கியரில் ஓடிக்கொண்டிருக்கும் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்தால், இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருள் தெளிப்பை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. காரின் வேகமே சக்கரங்கள் வழியாக இன்ஜினைச் சுழற்றுகிறது. நாம் ‘எஞ்சின் பிரேக்கிங்’ என்று சொல்லும் நிலை இது. எரிபொருளைச் சேமிப்பதற்காக இந்த வசதி பல ஆண்டுகளாகவே கார்களில் இருந்துவருகிறது. வடிகட்டி வந்த பிறகு அதற்கு இரண்டாவது வேலையும் சேர்ந்துகொண்டது. நடப்பவை வரிசையாக இவை:

1. எரிபொருள் நின்றதும் சிலிண்டர்கள் வெறும் காற்றை இழுத்து, அழுத்தி, வெளியே தள்ளுகின்றன. இன்ஜின் சில நொடிகளுக்கு ஒரு காற்றுப் பம்பாகிறது.

2. புகைக்குழாயில் இப்போது செல்வது, நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன் கொண்ட சாதாரணக் காற்று.

3. அந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியை முதலில் மூவழி வினையூக்கியில் உள்ள சீரியம் ஆக்சைடு உறிஞ்சிச் சேமித்துக்கொள்கிறது. அது நிரம்பிய பிறகு எஞ்சியது வடிகட்டியை அடைகிறது.

4. சற்றுமுன்வரை நடந்த ஓட்டத்தால் வடிகட்டி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் பட்டதும் சுவரில் தங்கியிருந்த கரி எரியத் தொடங்குகிறது. எரியும் கரி தானும் வெப்பத்தை வெளியிடுவதால், குளிர்ந்த காற்று உள்ளே வந்துகொண்டிருந்தபோதும் வடிகட்டியின் சூடு சிறிது நேரம் ஏறவும் கூடும்.

5. ஓட்டுநர் மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதித்தாலோ, இன்ஜினின் சுழற்சி வேகம் ‘ஐடிலிங்’ நிலையை நெருங்கினாலோ எரிபொருள் மீண்டும் தெளிக்கப்படுகிறது. ஆக்சிஜன் வரத்து நிற்கிறது. எரிப்பும் அத்துடன் அணைகிறது.

இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஒரே தடவையில் வடிகட்டி முழுவதும் சுத்தமாக வேண்டும் என்ற அவசியமும் இல்லை. சிக்னலை நெருங்கும்போது, சுங்கச்சாவடிக்கு முன்னால், முன்னே செல்லும் லாரிக்குப் பின்னால் வேகம் குறைக்கும்போது என ஒரு சாதாரண நெடுஞ்சாலைப் பயணத்தில் இத்தகைய தருணங்கள் எத்தனையோ வருகின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கரியை எரித்துவிட்டுப் போகிறது. பெட்ரோல் இன்ஜினின் கரி எடையளவில் டீசலைவிட மிகவும் குறைவு என்பதால், நல்ல சூடேறி ஓடும் கார்களில் இந்தத் தானியங்கிச் சுத்திகரிப்பே போதுமானது. அத்தகைய கார்களின் உரிமையாளர்கள் வடிகட்டி இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவதற்குக் காரணமும் இதுவே.

நீண்ட இறக்கத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இறக்கம் முழுவதும் ஆக்சிஜன் கிடைத்துக்கொண்டே இருந்தாலும், தொடர்ந்து பாயும் குளிர்காற்று வடிகட்டியை ஆறவைத்துவிடுகிறது. வெப்பம் 500 டிகிரிக்குக் கீழே போனதும் எரிப்பு ஓய்ந்துவிடும். ஆகவே இறக்கத்தின் தொடக்க நொடிகள்தான் பயனுள்ளவை. மலையேறி முடித்த சூட்டோடு இறங்கத் தொடங்கும் இடத்தில் கரி மிக நன்றாக எரிகிறது.

நியூட்ரலில் உருட்டினால் என்ன ஆகும்?

இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டு உருட்டிச் சென்றால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய இன்ஜினில் அது தலைகீழ். நியூட்ரலில் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றுவதில்லை. எனவே இன்ஜின் அணைந்துவிடாமலிருக்க எரிபொருளைத் தெளித்தே ஆகவேண்டும். அந்தத் தெளிப்பும் அதே 14.7 விகிதத்தில்தான் நடக்கிறது, அதனால் புகையில் ஆக்சிஜன் இருக்காது. கிளட்ச்சை மிதித்துக்கொண்டே உருள்வதும் இதைப் போன்றதே. கியரில் இறங்கினால் பெட்ரோல் செலவு சுழியம், வடிகட்டிக்குக் காற்று, பிரேக்குக்கும் ஓய்வு. நியூட்ரலில் இறங்கினால் இந்த மூன்றும் இல்லை. மலைப்பாதையில் பிரேக் சூடாகிப் பிடிப்பிழக்கும் ஆபத்தை எண்ணினாலே நியூட்ரலைக் கைவிட வேண்டும். வடிகட்டி அதற்குக் கூடுதலாக ஒரு காரணம்.

நகரத்துக் குறும்பயணமும் கட்டாய எரிப்பும்

வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் என்றே ஓடும் கார் வடிகட்டிக்கு இருமுனைச் சோதனையாக அமைகிறது. குளிர்ந்த இன்ஜின் கரியை மிகுதியாக உண்டாக்குகிறது. அதே வேளையில் வடிகட்டி 500 டிகிரியை எட்டுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பயணமும் வரவை மட்டுமே சேர்க்கிறது, செலவு நடப்பதில்லை. குளிர்நாடுகளில் இது இன்னும் கடுமை.

கரி எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதைக் கணினி இரண்டு வழிகளில் கணிக்கிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஓர் உணரி அளக்கிறது. கரி சேரச் சேர அந்த வேறுபாடு உயரும். ஆனால், குறைவான கரி குறைவான வேறுபாட்டையே காட்டும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. எத்தனை முறை குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டது, எவ்வளவு நேரம் என்ன சூட்டில் ஓடியது, எத்தனை முறை எரிபொருள் நிறுத்தம் நிகழ்ந்தது என்பவற்றைக் கொண்டு ஒரு மதிப்பீட்டுக் கணக்கையும் கணினி தொடர்ந்து எழுதிவருகிறது. கணக்கு ஒரு வரம்பைத் தாண்டினால் அது தானே செயலில் இறங்குகிறது.

முதலில் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. எரிப்பு பிந்தி நடப்பதால் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகப் புகைக்குழாய்க்குப் போய் வடிகட்டியைச் சூடேற்றுகிறது. போதிய சூடு வந்ததும் கலவையில் காற்றை மிகச் சிறிதளவு கூட்டி ஆக்சிஜனை மிஞ்சவைக்கிறது. சிக்னலில் இன்ஜினைத் தானாக அணைக்கும் வசதியைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் உண்டு. டீசலைப்போல் தனியாக எரிபொருளைப் பீய்ச்ச வேண்டிய தேவை பொதுவாக இல்லை. ஆனால், இதற்கும் விலை உண்டு. தாமதமான தீப்பொறியால் எரிபொருள் செலவு கூடுகிறது. காற்று மிகுந்த கலவையில் மூவழி வினையூக்கியால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சரியாகச் சிதைக்க முடிவதில்லை. ஒரு மாசைப் போக்க இன்னொரு மாசைச் சிறிது நேரம் அனுமதிக்க வேண்டியிருப்பதால்தான் தயாரிப்பாளர்கள் இந்தக் கட்டாய எரிப்பைக் கடைசி வழியாக வைத்திருக்கிறார்கள்.

கரி மிகுந்த வடிகட்டியில் திடீர்க் காற்று

இதுவரை சொன்னதைப் படிப்பவருக்கு, கரி எவ்வளவு சேர்ந்தாலும் ஒருமுறை வேகமாக ஓட்டிக் காலை எடுத்தால் போதும் என்று தோன்றலாம். அது தவறு; பொறியாளர்கள் மிகவும் அஞ்சும் நிலை அதுதான். கரி அளவுக்கு மீறிச் சேர்ந்த வடிகட்டி, முழு விசையில் ஓடிக் கடும் சூட்டில் இருக்கும்போது, திடீரென்று 21 சதவீத ஆக்சிஜன் பாய்ந்தால் எல்லாக் கரியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். உள்ளே வெப்பம் 1,000 டிகிரிக்கு மேல் எகிறும். ஒரு பகுதி மட்டும் அப்படிச் சூடாகி அருகிலுள்ள பகுதி ஆறியிருந்தால் பீங்கான் தொகுதி விரிசல் விடும். அதில் பூசிய வினையூக்கியும் அந்தச் சூட்டில் தன் திறனை இழக்கும்.

இதைத் தடுக்கவே, கரியும் வெப்பமும் சேர்ந்து ஆபத்து எல்லையில் இருப்பதாகக் கணித்தால், ஓட்டுநர் காலை எடுத்தாலும் கணினி எரிபொருளை நிறுத்தாமல் சிறிது தெளித்துக்கொண்டே இருக்கும். அல்லது மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டும் நிறுத்தும். வழக்கமான எஞ்சின் பிரேக்கிங் சற்று மென்மையாக இருப்பதுபோல் அப்போது உணரப்படலாம். அது பழுது அல்ல.

எரியாத சாம்பல்

எரியும் கரி வாயுவாகிப் போய்விடுகிறது, சாம்பல் போவதில்லை. சாம்பலின் முதன்மையான ஊற்று பெட்ரோல் அல்ல, இன்ஜின் ஆயில். ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த வேதிப்பொருள்கள், சிலிண்டருக்குள் கசியும் மிகச் சிறிதளவு ஆயிலோடு எரிந்து, எரியாத உப்புகளாக வடிகட்டியில் படிகின்றன. எந்த வேகத்தில் ஓட்டினாலும் இவை நீங்குவதில்லை. வடிகட்டியின் ஆயுளை இறுதியில் தீர்மானிப்பது கரியைவிடச் சாம்பலே.

ஆனாலும் சாம்பலை முழு எதிரியாகக் கருதுவது சரியல்ல. டீசல் வடிகட்டியின் சுவரில் எப்போதும் ஒரு கரிப்படலம் இருக்கும். அந்தப் படலமே நுண்துகள்களைப் பிடிக்கும் சல்லடையாகிறது. பெட்ரோல் வடிகட்டியில் கரி அடிக்கடி எரிந்துவிடுவதால் அப்படலம் நிலைப்பதில்லை. எனவே புத்தம் புதிய பெட்ரோல் வடிகட்டி, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வடிகட்டியைவிடக் குறைவான துகள்களையே பிடிக்கிறது. தொடக்கத்தில் மெல்லியதாகப் படியும் சாம்பல் சுவரின் துளைகளைச் சற்றுக் குறுக்கி அதன் திறனை உயர்த்துகிறது. கெடுதல், அது அளவுக்கு மிஞ்சும்போதுதான்.

ஆகவே ஆயில் தேர்வில் கவனம் வேண்டும். ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் வகைப்பாட்டில் சி2, சி3, சி5 எனக் குறிக்கப்பட்ட ஆயில்களில் சல்ஃபேட் சாம்பல் 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏ3/பி4 வகையில் அது 1.6 சதவீதம்வரை போகலாம். கையேடு சி வகையைக் கேட்கும்போது, ‘இதுவும் சிந்தெடிக்தான்’ என்று ஊற்றப்படும் வேறு ஆயில் அன்றைக்கு எந்தத் தீங்கும் காட்டாது. பல ஆண்டுகள் கழித்து வடிகட்டியில் தெரியும்.

ஓட்டுநர் செய்யக்கூடியவை

1. குறும்பயணங்களுக்கு மட்டுமே கார் பயன்படுகிறது என்றால், அவ்வப்போது நன்கு சூடேறும் அளவுக்கு ஒரு நீண்ட ஓட்டம் தேவை. டீசலுக்குச் சொல்வதுபோல் ஒரே வேகத்தில் நிலையாக ஓட்டுவது இங்கே அவ்வளவு பயன் தராது. வேகமெடுத்து, கியரிலேயே காலை எடுத்து உருளவிட்டு, மீண்டும் வேகமெடுப்பதே பெட்ரோல் வடிகட்டிக்கு ஏற்றது. குரூஸ் கன்ட்ரோலில் சமதளச் சாலையில் மணிக்கணக்கில் ஓடும் காரில் வெப்பம் இருக்கும், காற்று நுழையாது.

2. விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி உடனே செய்ய வேண்டும். அதைப் பொருட்படுத்தாமல் வாரக்கணக்கில் ஓட்டினால், முன்னே விளக்கிய ஆபத்து எல்லைக்கு நாமே காரைக் கொண்டுசேர்க்கிறோம். வேறு எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஓட்டிச் சரிசெய்ய முயலாமல் சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டும்.

3. இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் கோளாறுகளைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு சிலிண்டரில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் வினையூக்கியில் எரிந்து வடிகட்டியைச் சுட்டுவிடும். அழுக்கேறிய இன்ஜெக்டர் கரியைப் பெருக்கும்.

4. வடிகட்டியை அறுத்தெடுத்துவிட்டுக் கணினியின் மென்பொருளை மாற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் காரை ஒப்படைக்கவே கூடாது. அது சட்டப்படி தவறு. தெருவில் நடப்பவர்களின் நுரையீரலுக்கும் அநீதி.

ஹைபிரிட் கார்களும் யூரோ 7 விதிகளும்

பெட்ரோல் வடிகட்டியின் எளிமை, வேகம் குறையும்போது இன்ஜின் சுழல்கிறது என்ற ஒன்றை நம்பியே இருக்கிறது. ஹைபிரிட் காரில் அந்த நம்பிக்கை பொய்க்கிறது. அங்கே காலை எடுத்ததும் மின்மோட்டார் வேகத்தை மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது. இன்ஜின் பெரும்பாலும் நின்றேவிடுகிறது. நின்ற இன்ஜின் காற்றைத் தள்ளாது. மேலும் ஒரே பயணத்தில் இன்ஜின் பலமுறை அணைந்து மீண்டும் கிளம்புவதால் வடிகட்டி ஆறிப்போவதும், கரி கூடுவதும் நிகழ்கின்றன. இதற்கு மாற்றாக, வடிகட்டி சூடாக இருக்கும் தருணத்தில் எரிபொருள் இல்லாமலேயே மின்மோட்டாரைக் கொண்டு இன்ஜினைச் சுழற்றிக் காற்றை அனுப்பும் உத்தியைக் கையாள முடியும். அதற்கு பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் செலவாகும். ஆனால் ஓட்டுநரின் கால் அசைவுக்குக் காத்திராமல், எப்போது, எவ்வளவு காற்று என்பதைக் கணினியே தேர்ந்தெடுக்கலாம்.

ஐரோப்பாவில் 2024இல் நிறைவேறிய யூரோ 7 விதிகள் 2026 நவம்பர் இறுதியில் புதிய மாடல் கார்களுக்கும், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் நடைமுறையாகின்றன. இதுவரை 23 நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களை மட்டும் எண்ணினார்கள். இனி 10 நானோமீட்டரிலிருந்தே எண்ணுவார்கள். நேரடி உட்செலுத்தல் அல்லாத பெட்ரோல் இன்ஜின்களும் இந்த வரம்புக்குள் வருகின்றன. இதுவரை வடிகட்டி தேவைப்படாத எளிய பெட்ரோல் கார்களிலும் ஹைபிரிட்களிலும் அது இடம்பிடிக்கும் வாய்ப்பு இதனால் கூடியிருக்கிறது. அளவுகோல் இறுக இறுக இன்னும் நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டிகள் வரும். துளை நுண்ணியதாக ஆக, புகை வெளியேறுவதற்கான எதிர்ப்பு கூடும் என்பதால், கரி தேங்காமல் அடிக்கடி எரிய வேண்டிய தேவை முன்னிலும் கூடுதலாகும்.